பேத்திக்குக் கொண்டுவந்த பழம்

— கூடையை அங்கயே வாசல்ல வச்சுடுங்கப்பா. உள்ள கொண்டு வர வேணாம்.

— ஏம்மா, அதுக்கு என்ன தொத்து வியாதியா? பேரிக்காய்ம்மா. நம்ம தோட்டத்துப் பேரிக்காய். நசுங்கிடக் கூடாதேன்னு பஸ் மாறி பஸ் மாறி மடியிலயே வச்சுக்கிட்டு வந்திருக்கேன்.

— வருஷா வருஷம் சொல்றேன், கொண்டு வராதீங்கன்னு.

— நீயும் சொல்ற, நானும் கொண்டு வர்றேன். சொல்றேன் கேளு, போன வருஷத்துப் பழம் என்னாச்சு?

— தின்னோம்.

— மாப்பிள்ளைகிட்ட கேட்டேனே, எந்தப் பழம்னு முழிக்கிறாரு.

— அவர்கிட்ட ஏன்ப்பா கேட்டீங்க?

— குப்பையில போட்டியா?

— ஆமா, போட்டேன். யாராவது எடுத்துத் தின்னுடப் போறாங்கன்னு பழைய துணியில சுத்தி அடியில போட்டேன். போட்டுட்டு உக்காந்து அழுதேன். போதுமா?

— அட போம்மா, இதுக்குப் போய் அழுவாங்களா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. சொல்றேன் கேளு. அணு உலை வெடிச்சப்புறம் தோட்டத்து மேல் மண்ணையே சுரண்டி எடுத்தாச்சு. கொட்டுற பனியில ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு மரமா தண்ணியப் பீச்சியடிச்சு பட்டையை உரிச்சோம். உங்கம்மா விரலெல்லாம் வெடிச்சு ரத்தம் வந்துடுச்சு. இப்ப பழத்தைக் கதிர்வீச்சு அளக்குற மிஷின்ல வச்சா ஒண்ணுமே இல்லன்னு காட்டுது.

— தெரியும்ப்பா.

— தெரிஞ்சுமா போட்ட?

— தெரிஞ்சுதான். புத்தி நம்புது, கை குப்பைக்குத்தான் போகுது. நான் என்ன பண்ணட்டும்?

— உன்னைச் சொல்லி என்ன. சந்தையிலயும் அதே கதைதான். பழத்தை மோந்து பார்த்து ஆசையா எடுப்பாங்க. எந்த ஊர்னு கேப்பாங்க. சொன்னதும் அப்படியே வச்சுட்டுப் போயிடுவாங்க. அதான் இப்பல்லாம் அவங்க கண்ணு முன்னாடியே நறுக்கி நானே தின்னு காட்டுறேன். ஒருநாள் தின்னுத் தின்னு வயித்தைக் கலக்கிடுச்சு. கொல்லைக்கு ஓடினேன். 'பார்த்தியா, அந்தப் பழத்தைத் தின்னுதான்'னு ஒருத்தி சொல்றா!

— சிரிக்காதீங்கப்பா.

— சிரிக்காம? ஜூஸ் கம்பெனிக்காரன்தான் வாங்குறான். அதுவும் அடிமாட்டு விலைக்கு, ஊர் பேரை வெளிய சொல்ல மாட்டேன்னு.

— அம்மா ஏன் வரல?

— இந்தக் கூடையை நீ பார்ப்ப பாரு ஒரு பார்வை, அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லையாம்.

— அம்மா அப்படியா சொன்னா?

— விடு அதை. சொல்றேன் கேளு, இந்தத் தடவை ஒரு காரியமா வந்திருக்கேன். ஊர்ல சுரண்டின மண்ணையெல்லாம் கறுப்பு மூட்டையா கட்டி வயல்ல அடுக்கி வச்சிருக்காங்கல்ல? இடம் பத்தலையாம். நம்ம தோட்டத்தைக் கேக்கிறாங்க. மரத்தையெல்லாம் வெட்டிட்டு அங்கயும் மூட்டை அடுக்குவாங்களாம். நான் ஊருக்குத் திரும்பினதும் பதில் சொல்லணும்.

— என்ன சொல்லப் போறீங்க?

— அதை நீதான் சொல்லணும். எவன் வாங்கினா என்ன, வாங்காட்டி என்ன. என் பேத்தி ஒரே ஒரு பழம் தின்னட்டும். அப்புறம் என் உசிரு இருக்கிற வரைக்கும் ஒரு கிளையை வெட்ட விட மாட்டேன். அவளே தின்னக் கூடாதுன்னா, இந்த வயசுல நான் யாருக்காகம்மா ஏணி ஏறணும்?

— இதைக் கொண்டு வந்து என் தலையில ஏன்ப்பா கட்டுறீங்க?

— வேற யார் இருக்கா எனக்கு?

— இவ வயித்துல இருக்கறப்பதானேப்பா அது வெடிச்சுது. விஷயம் தெரியறதுக்குள்ள நம்ம கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சேன். தோட்டத்துக் கீரையைத்தான் தின்னேன். இவ பொறந்ததும் ஆணா பொண்ணான்னு கூட நான் கேக்கல. கை கால் விரலை எண்ணினேன்.

— தெரியும்மா. நானும்தான் எண்ணினேன்.

— நீங்களுமா?

— நீ தூங்கினப்புறம்.

— அழாதீங்கப்பா. நீங்க அழுது நான் பார்த்ததே இல்ல. கூடையை இப்படிக் குடுங்க.

— என்ன பண்றம்மா?

— கழுவறேன். நறுக்க வேணாம், அவளுக்கு முழுசா கடிச்சாத்தான் பிடிக்கும். பாப்பா! விளையாடினது போதும், இங்க வா. தாத்தா என்ன கொண்டு வந்திருக்கார் பாரு.

— நிஜமாத்தான் சொல்றியா?

— நிஜமாத்தான். மரம் இருக்கட்டும்ப்பா. இந்தாங்க, உங்க கையாலயே குடுங்க.

— ஐய், எவ்ளோ பெருசு! தாத்தா, இது எனக்கே எனக்கா?

— உனக்கேதான்டா தங்கம். உனக்காக வளர்ந்ததுதான்.

— வாசனையா இருக்கு. கடிக்கட்டுமா தாத்தா?

— அப்பா, கேக்கறா பாருங்க. ஏன் அவ கையைப் பிடிச்சுக்கிட்டீங்க? கடின்னு சொல்லுங்க.

— வேணாம்டா கண்ணு. தாத்தாகிட்டயே குடுத்துடு.