பெடல் கொஞ்சம் மெத்துனு போகுது

மண்ணெண்ணெய் வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கொஞ்ச நேரம் முகர்ந்தாலே தலை வலிக்கும். இந்த மே மாதம் முழுக்க அந்த வாசனையில்தான் நின்றேன், ஐயா. டர்பைன் கார் குடிப்பது அதைத்தானே.

நான் பிஸ்டன் இன்ஜின் கட்டுகிறவன். கார் பந்தயத்துக்குப் பேர்போன இந்த இண்டியானாபோலிஸில் ஓட்டிஸ் டக்கெட் கட்டிய இன்ஜின் என்றால் ஓட்டுநர்கள் வரிசையில் நிற்பார்கள். போன வருஷம் ஒரு டர்பைன் கார் சத்தமே போடாமல் எல்லோரையும் முந்திப் போனதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு என் பட்டறைப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கவில்லை. என் தெருவில் மட்டும் இப்படி எத்தனை பட்டறைகள், எத்தனை குடும்பங்கள். ஆகாயத்தில் பறக்கச் செய்த இன்ஜினைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு அதையும் பந்தயம் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

வெர்லின் ஸ்ட்ரவுட் என் இன்ஜினை ஓட்டித்தான் பெயர் வாங்கினான். அவனும் அந்தப் பக்கம் போனான். போனவன் சும்மா போகவில்லை, என்னையும் கூப்பிட்டான். "யோவ், உன் இன்ஜினையெல்லாம் இனிமே பூந்தொட்டியா வெச்சுக்க. இங்க வந்து எனக்கு பிரேக் பாரு. வேற எவன் கை வெச்சாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றான். முதலில் சொன்னது கிண்டல். கடைசியில் சொன்னதை அவன் சிரிக்காமல்தான் சொன்னான். சரி என்று போய்ச் சேர்ந்தேன்.

உங்களுக்கு ஒன்று புரியவேண்டும். எங்கள் பிஸ்டன் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டர்பைன் அப்படியில்லை, காலை எடுத்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது பிரேக் ஒன்றுதான். வளைவுக்கு வளைவு பிரேக் தகடுகள் பழுத்துச் சிவந்துவிடும். அந்தச் சூட்டுக்குப் புது பிரேக் ஆயில்தான் தாங்கும். திறந்து கிடந்த டப்பாவில் ஈரம் ஏறியிருக்கும். ஈரம் ஏறிய ஆயில் கொதித்துவிட்டால், பெடலை மிதிக்கிற கால் தரைவரை போகும், கார் நிற்காது.

சோதனை ஓட்டத்தன்று காலை வெர்லின் காருக்கு நான் ஊற்றியது என் பட்டறையில் திறந்து கிடந்த ஆயில். அதே டப்பாவிலிருந்து என் கார்களுக்கு எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறேன், ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆனதில்லை. நல்ல காருக்குப் போதுமானது இந்தக் காருக்குப் போதவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். சோதனை ஓட்டத்தில் கார் சுவரை லேசாக உரசும். அதிகாரிகள் பார்ப்பார்கள், இது ஆபத்து என்று ஓரங்கட்டுவார்கள். வெர்லின் என்னிடமே திரும்பி வருவான்.

சில சுற்று ஓட்டிவிட்டு அவனாகவே பாதையை விட்டு, நாங்கள் நிற்கும் இடத்துக்கு உள்ளே வந்தான். எனக்குத் திக்கென்றது.

"ஓட்டிஸ், பெடல் கொஞ்சம் மெத்துனு போகுது. என்னன்னு பாரேன்."

குனிந்தேன். சக்கரத்தின் சூடு முகத்தில் அடித்தது. சீல் உடைக்காத புது டப்பா எனக்குப் பின்னால் மேஜைமேல் இருந்தது. மாற்ற அதிக நேரம் பிடிக்காது. மாற்றிவிட்டால் அந்தக் காரும் பந்தயத்தில் ஓடும், ஜெயிக்கவும் ஜெயிக்கும்.

"உள்ள கொஞ்சம் காத்து நின்னிருக்கும். நாலு தடவ அழுத்தி மிதி, சரியாயிடும்" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றான்.

பிரேக் பார்த்தவன் ஹெல்மெட்டில் தட்டிக்கொடுக்காமல் இங்கே எந்த ஓட்டுநரும் கிளம்பமாட்டான். தட்டினேன். போனான்.

என் இன்ஜினாக இருந்தால் அவன் எந்த வளைவில் இருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். இது ஊமைக் கார், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஒரு சுற்று முடிந்து வந்தான். அடுத்ததிலும் வந்தான். ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு எங்களைத் தாண்டிப் போய், முதல் வளைவில், வேகம் குறையாமல் நேராகச் சுவரில் மோதினான். மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டது. அவன் மனைவி நார்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

ஓட்டுநர் பிரேக்கைத் தாமதமாக மிதித்தார் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது அநியாயம். அவன் கால் தப்பே செய்யாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இன்னொன்று. அவன் மோதுவதற்கு முன் நான் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துத் தடுப்புச் சுவரோரம் ஓடியதை எங்கள் ஆட்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஓடிக்கொண்டிருப்பவனுக்குச் சேதி சொல்ல எங்களுக்கு அந்தப் பலகைதான் உண்டு. அவன் கடைசியாக எங்களைக் கடந்தபோது அதில் 'உள்ளே வா' என்று என் கையாலேயே பெரிதாக எழுதியிருந்தேன். எழுதிய பக்கத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். அவனுக்குத் தெரிந்தது வெறும் பலகை. எல்லாம் சரி, போ என்று அதற்கு அர்த்தம். ஆனாலும் எழுதினேன் இல்லையா, ஐயா? அவனை நான் கூப்பிடவே இல்லை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.