இருநூற்றுப் பதினான்கு துண்டுகளை மறுபடி தேய்க்க வைத்தவருக்கு

"இந்தக் குழியெல்லாம் முன்னாடி என்னவா இருந்துச்சு?"

சென்ற ஆண்டு அறிவியல் தினத்தன்று எங்கள் நுண்ணோக்கியில் கண் வைத்த கலைச்செல்வி என்ற நாலாம் வகுப்புச் சிறுமி கேட்ட கேள்வி இது. நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. எங்கள் தொல்லை அன்று தொடங்கியது.

பொறுமையின் பெட்டகமே, பிடிவாதத்தின் பெரும்பாறையே, நுண்ணோக்கிப் பிரிவின் தலைவராக இருந்து இன்று ஓய்வு பெறும் நாகேஸ்வரன் ஐயா அவர்களே, வணக்கம்!

முப்பத்து மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. கான்டீன் பூனைக்கும் மோர்ச்சோறு வைக்கத் தவறியதில்லை. அந்தக் கனிவை நம்பித்தான், கடைசி ஆண்டில் நீங்கள் எங்களைப் படுத்திய பாட்டைச் சபையில் சொல்லத் துணிகிறோம்.

டங்ஸ்டன் தூளோடு நிக்கலும் இரும்பும் கலந்து உலையில் வைத்தால், அவை இரண்டும் உருகும். அந்த உருகலில் டங்ஸ்டனின் சிறு மணிகள் கரைந்து, பெரிய மணிகள் மேல் படிந்து அவற்றை வளர்க்கும். உலையிலிருந்து வந்த கட்டியைத் துண்டாக்கி, முகம் பளபளக்கத் தேய்த்து, எந்த அளவு மணி எத்தனை மிஞ்சியது என்று நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்வது நம் வேலை. சிறு மணிகள் பெரும்பாலும் கரைந்துவிட்டன என்று பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதினோம், நீங்கள் கையெழுத்திட்டீர்கள்.

சிறுமி போன மறுநாள், ஒரு துண்டை அழுத்தாமல் மெல்லத் தேய்த்துப் பார்த்தீர்கள். குழிகளைக் காணோம், சிறு மணிகள் நிறைந்திருந்தன! அவை கரையவே இல்லை. நாம் அழுத்தித் தேய்த்ததில் உதிர்ந்து, இருந்த இடத்தைக் குழியாக விட்டுப் போயிருந்தன. அந்த அழுத்தத்தை வகுத்தவரும் நீங்களே.

வேறொருவர் என்றால் அழுத்தத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிட்டு ஓய்வு பெற்றிருப்பார். நீங்களோ, பழைய அறிக்கைகள் அத்தனையும் பிழை, பிழை என்னுடையது என்று இயக்குநருக்கு எழுதினீர்கள். உங்கள் பணிப்பதிவில் கண்டனக் குறிப்பு ஏறியது. எங்கள் தலையில் இருநூற்றுப் பதினான்கு துண்டுகள் ஏறின.

"எந்தா சாரே இது! பென்ஷன் வாங்கப்போற நேரத்துல உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிறீங்க. என் கட்டுரையும் போச்சு!" என்று, பழைய எண்ணிக்கையை நம்பிக் கட்டுரை எழுதி அனுப்பவிருந்த நம் டாக்டர் ராஜஸ்ரீ கத்தினார்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா அனுப்புறது?" என்றீர்கள்.

"கல்யாண வீட்டு அரிசியில கல்லு பொறுக்கறதாச்சு நம்ம ஜோலி" என்று துண்டு தேய்த்துக்கொண்டிருந்த நம் மஹேஷ் முனகினார்.

"கல்லைத் தூரப் போட்டுடாதே, அதையும் எண்ணிக்கோ" என்றீர்கள். இதற்கு யார் என்ன செய்ய முடியும்?

பதினான்கு மாதம் தேய்த்தோம், எண்ணினோம். ராஜஸ்ரீயின் வரைபடம் இன்று உண்மையைச் சொல்கிறது. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை.

பத்மநாபன் அருளால் உங்கள் முழங்கால் வலி தீரட்டும். நெடுநாள் நலமாய் நடந்து திரியுங்கள். அடுக்களைப் பருப்பையாவது எண்ணாமல் விடுங்கள்; உங்கள் துணைவியார் பாகீரதி அம்மாளுக்கும் ஓய்வு வேண்டும்.

இன்னும் ஒன்று. திருத்திய அறிக்கையின் முதல் பக்கத்தை நீங்களே தட்டச்சு செய்தீர்கள். அச்சான பிறகுதான் படித்தோம். 1987-இல் தேய்ப்புப் பணியாளர் மாடம்மாள், "சாரே, தேய்க்கும்போது என்னவோ உதிருது, கையில நெருடுது" என்று சொன்னதையும், நீங்கள் "தூசிதாம்மா, கழுவிட்டுத் தேயுங்க" என்று அனுப்பியதையும் எழுதி, பிழையை முதலில் கண்டவர் அவரே என்று பதிந்திருந்தீர்கள்.

மாடம்மாள் ஓய்வு பெற்று எட்டு ஆண்டாகிறது. தபால் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "அறிக்கைப் படி ஒன்று, மாடம்மாள் வீடு, விதுரா. நேரில்." அன்று நீங்கள் விடுப்பு. துணைக்கு யாரையும் அழைக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் நீங்கள் சொன்னது என்னவென்று நாங்கள் கேட்கவும் இல்லை.

நுண்ணோக்கிப் பிரிவுப் பணியாளர்கள்
திருவனந்தபுரம்
31 மே 1999