அனான் சார் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கத்தி

தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையில் இருக்கும் பதிப்புக் குழுவினரே, அச்சகத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு முடிவை அறிவிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. நம் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடி, மதிய உணவையும் தள்ளிவைத்து விவாதித்து, மறைந்தவரின் படத்தை மேடையின் இடப்பக்கம் வைப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்தது. வலப்பக்கம்தான் பொருத்தம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அங்கே ஒலிபெருக்கி நிற்பது சுட்டிக்காட்டப்பட்டதும் பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுத்தார்கள். படம் இதோ இடப்பக்கத்தில் இருக்கிறது. இந்த அகராதி நிறுவனத்தில், எடுத்த வாரத்திலேயே ஒரு முடிவு நிறைவேறியது இதுவே முதல் முறை. அதற்கு ஒருவர் சாக வேண்டியிருந்தது.

யார் அவர்? வழக்கொழிந்த சொற்கள் பிரிவின் மூத்த பதிப்பாசிரியர். ஆங்கிலம்–தமிழ்ப் பேரகராதியின் முதல் தொகுதியில் செத்துப்போன சொற்களுக்கெல்லாம் பொறுப்பாளர். நமக்கு அனான் சார். எந்த ஆங்கிலச் சொல்லுக்காக அவர் தன் நடுவயதைச் செலவழித்தாரோ, அதுவே அவருக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அச்சக நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சொல் வழக்கில் இல்லையென்றால் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு குத்துவாள் குறி போடுவார்கள். நம் அலுவலகத்தில் அதற்குக் கத்தி என்று பெயர். மற்றவர்களுக்குக் கத்தி போடுவது ஒரு விசையைத் தட்டும் வேலை. அனான் சாருக்கு அப்படி இல்லை. அந்தச் சொல்லை எந்த மூலையிலாவது யாராவது இன்னும் பேசுகிறார்களா என்று தேடாமல் கத்தி போடக் கூடாது. அப்படித் தேடாமல், போட்டதை எடுக்கவும் கூடாது. எதுவானாலும் இரண்டு பதிப்பாசிரியர்கள் சான்றைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். அதில் ஒருவர் பிரிவின் தலைவராக இருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் அவர்தான். "உயிர் விஷயம்ப்பா. ஒருத்தர் சொன்னா போதுமா?" என்பார்.

அனான் (anon) என்ற அந்தச் சொல்லின் கதை என்ன? பழைய ஆங்கிலத்தில் 'ஒன்றில்', 'ஒன்றாக' என்று பொருள் தந்த இரண்டு சிறு சொற்கள் ஒட்டிக்கொண்டு அனான் ஆயின. நடுவில் நிற்காமல், ஒரே போக்காக என்ற பொருள் வந்தது. அதிலிருந்து 'உடனே' என்ற பொருள். எவ்வளவு நிமிர்ந்த சொல்! பிறகு அது பணியாட்களின் வாயில் விழுந்தது. எஜமானர் கூப்பிடுவார். 'அனான், ஐயா!' என்று குரல் போகும். ஆள் போக மாட்டான். சில நூற்றாண்டுகள் இப்படியே நடந்ததில் 'உடனே' என்பது 'கொஞ்ச நேரத்தில்' ஆனது. இன்னொரு சொல்லோடு சேர்ந்து 'அவ்வப்போது' என்றும் ஆனது. கடைசியில் பேச்சை விட்டே போனது. இன்று 'சீக்கிரம்' என்று நாம் மொழிபெயர்க்கும் சூன் (soon) என்ற சொல்லும் ஒரு காலத்தில் 'உடனே'தான். அந்த மொழியில் 'உடனே' என்று பிறந்த சொற்கள் பலவற்றுக்கும் இதே கதி என்று வருத்தத்துடன் சொல்வார். நம் மொழியைப் பற்றிக் கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

அண்ணிக்கு இந்த ஆராய்ச்சியில் தனிக்கருத்து உண்டு. "சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா இதோ வரேன்பாரு. சோறு ஆறிப்போவும். இவருதான் அந்த வார்த்தைய கெடுத்தது யாருன்னு தேடிட்டிருக்காரு" என்று ஒருமுறை எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அனான் சார் அதை ஒரு சான்றாக ஏற்றுக்கொண்டார்.

அன்பர்களே, முதல் தொகுதியின் மெய்ப்பு, அதாவது திருத்தம் பார்க்கும் அச்சுப்படி, வந்தபோது அவர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தார். பதிப்பாசிரியர்கள் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் பிரிவின் அடையாளம் போடச் சொல்லியிருந்தோம். வழக்கொழிந்த சொற்களுக்கு அடையாளம் எது? கத்தி. அச்சுக் கோத்தவர் சரியாகவே போட்டுவிட்டார். ஆனால் அதே பக்கத்தின் அடியில், கத்தி இட்ட பெயருக்குரியவர் காலமானவர் என்றும் குறி இல்லாதவர் பணியில் தொடர்கிறார் என்றும் விளக்கம் இருந்தது. உலகத்தில் வேறு எந்த அலுவலகத்திலும் இந்தப் பிழை நடந்திருக்காது.

அனான் சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னப்பா, டாக்டரே இன்னும் வாயத் தொறக்கல, நீங்க முந்திக்கிட்டீங்க?" என்றார். கத்தியை எடுத்துவிடச் சொன்னார்.

எடுக்க முடியுமா? விதி இருக்கிறதே! இரண்டு ஒப்பம் வேண்டும். ஒருவர் பிரிவின் தலைவர், அது அவரேதான். தன் உயிரைப் பற்றித் தானே சான்று சொல்வது முறையாகாது என்று குழு கருதியது. அவருக்குப் பதிலாக ஒருவரை இயக்குநர் நியமிக்க வேண்டும். கோப்பு மாடிக்குப் போனது. அனான் சார் படியேறி, மூச்சு வாங்க, இயக்குநரின் உதவியாளர் மேசைக்கு முன்னால் போய் நிற்பார். உதவியாளர் நல்ல பெண். எழுந்து நாற்காலி போடுவார். "சார், நீங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? ஃபைல்ல வரணும்ல? உடனே பண்ணிடறோம் சார்."

உடனே. அந்தக் கட்டடத்தில் அவருக்கு அந்தச் சொல்லைத் தராதவர்கள் யார்? மாடியில் சொன்னார்கள், கீழ்த்தளத்தில் சொன்னார்கள், மின்தூக்கியில் எதிர்ப்பட்டவர்கள் கூடச் சொன்னார்கள். பிறகு அவரால் படியேற முடியவில்லை. பிறகு வீட்டிலிருந்தே வர முடியவில்லை.

மருத்துவமனையில் அச்சக மேலாளரும் நானும் போய்ப் பார்த்தோம். மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆணை வந்த உடனே மாற்றிவிடுகிறோம் என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். அவர் வெளியே போனதும் அனான் சார் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"அவரு பொய் சொல்லலப்பா. சொல்லும்போது நிஜமாவே உடனேன்னுதான் நெனைக்கிறாரு. நான் இத்தன வருஷம் சோம்பேறிங்கதான் அந்த வார்த்தைய கொன்னாங்கன்னு நெனச்சேன். இல்ல. நல்லவங்க. முடியாதுன்னு சொல்ல மனசு வராதவங்க."

தன் ஆராய்ச்சியின் முடிவை அவர் சொன்னது அப்போதுதான். அதை அகராதியில் அந்தச் சொல்லுக்கான பதிவில் சேர்க்க முடியவில்லை. பதிவு அச்சுக்குப் போய்விட்டிருந்தது; பதிப்பாசிரியர்கள் பக்கம் மட்டும்தான் ஆணைக்காகக் காத்திருந்தது.

தாழ்வாரத்தில் அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பெரிய மரியாதையெல்லாம் வேணாம் தம்பி. அவரு கண்ணால அந்தப் பக்கத்தைப் பாக்கட்டும். பேரு பக்கத்துல அது இல்லாம ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்."

அவர் பார்க்கவில்லை.

ஒரு சொல்லைச் செத்தது என்று எழுதும் முன் ஊரெல்லாம் தேடிய மனிதர் அவர். அவர் உயிரோடிருந்ததற்கு எத்தனை சாட்சிகள் இருந்தோம்! எல்லோரும் அறிந்திருந்தோம், எல்லோரும் விரும்பினோம், ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு மனிதனுக்கு எதிராக இதைவிட வலுவான கூட்டணி உண்டா?

இரங்கல் கூட்டத்தின் முடிவில் அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலிலும் இருக்கிறது. எந்தச் சொல்லால் எடுப்பது? 'உடனே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'விரைவில்' என்பதையும் நான் நம்பவில்லை. முதல் எழுத்தையே இப்போதுதான் முடித்திருக்கிறோம். மீதி எழுத்துகளை நம்மில் யாரும் பார்க்கப் போவதில்லை என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும், இளையவர்களுக்கும் தெரியும். ஆகவே காலத்தைக் குறிக்கும் சொல் எதையும் சேர்க்காமல் சொல்கிறேன்: தொடர்வோம், அனான் சார்.

நிர்வாகத்தின் சார்பில் கடைசியாக ஒரு தகவல். அவர் காலமான அன்று அலுவலகத்துக்குத் துக்க விடுமுறை விடப்பட்டதால், இயக்குநர் அவர்களுக்கு நிலுவைக் கோப்புகளைப் பார்க்க நேரம் கிடைத்தது. பதிலாள் நியமிக்கப்பட்டார். இரண்டு ஒப்பங்களும் அன்றே விழுந்தன. அச்சகம் சொன்ன சொல் தவறாமல், ஆணை கிடைத்த உடனே கத்தியை எடுத்துவிட்டது. அச்சடித்த முதல் தொகுதி தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். பதிப்பாசிரியர்கள் பக்கத்தில், அவர் பணியில் தொடர்கிறார்.