மூன்று நிமிடம் பத்து விநாடி

இந்த விசாரணை அறையில் ஏசி அதிகமாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. பத்தொன்பது வருடம் கம்ப்யூட்டர் டிஸ்க் அறையில் வேலை பார்த்தவன் நான். அங்கே தவறி நுழைந்த கொசு ஒன்று என்னைக் கடிக்காமல் போர்வை கேட்டது என்று சொல்வேன். பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர், கொடுத்தீர்களா என்பார்கள்.

ஆபீஸில் எனக்கு 'ஸ்பேர்' என்று பேர் வைத்திருந்தார்கள். இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, பைக்குள் எப்போதும் ஒரு மாற்றுச் செருப்பு. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கேலிக்கு எங்கே நேரம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் அது இல்லாமல் முடியாது. சூப்பர்வைசர் அம்மா ஒருநாள், "ஸ்பேர் சார், வீட்டுலயும் எல்லாம் ரெண்டு ரெண்டா?" என்றார். "இல்லம்மா, அது ஒண்ணே ஒண்ணு. மாத்துக்கு ஆள் கிடைக்கல" என்றேன். அதை வீட்டில் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "தேடிப் பாத்தீங்களாக்கும்" என்றாள்.

என் வேலை இதுதான். வருகிற ஒவ்வொரு அழைப்பின் குரல், எந்தத் தெருவில் எந்த வீடு என்கிற வரைபடம், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்கிற விவரம், எல்லாம் என் அறையின் டிஸ்குகளில்தான் இருக்கும். பன்னிரண்டு டிஸ்க் சேர்ந்தால் ஒரு குழு. குழுக்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு பெரிய தொட்டி மாதிரி. அதை பூல் என்போம். யாருக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதிலிருந்து நான் மொண்டு கொடுப்பேன்.

பன்னிரண்டு பேர் ஒரு பீரோவைப் படிக்கட்டில் இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் கை நழுவினால் பதினொரு பேர் சமாளிப்பார்கள். இரண்டாவது ஆளும் விட்டால் பீரோ தலைமேல் வரும். அதற்காகத்தான் ஓரமாகச் சும்மா நாலு பேரை நிறுத்திவைப்போம். முதல் கை நழுவிய உடனே ஒருத்தன் ஓடிவந்து தோள் கொடுக்க வேண்டும். அவர்கள்தான் ஸ்பேர் டிஸ்க். வருடக்கணக்காகச் சும்மா நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வெட்டி ஆட்கள் மாதிரி இருக்கும்.

என் மனைவி போன வருடம் ஒரு விடுமுறை நாளில், மத்தியானம், எங்கள் எண்ணுக்கே போன் செய்திருக்கிறாள். நெஞ்சு வலி. வண்டி வரவில்லை, அவள் போய்விட்டாள். அது பற்றி எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது.

எங்கள் விதிப்படி அழைப்புகள் தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும். அதற்கு முன்பாக, மாதக் கடைசியில், வண்டி போகாத அழைப்புகளை எல்லாம் சூப்பர்வைசர் அம்மா ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பார். அவர் கேட்பதற்கு இரண்டு நாள் முன்னால் நான் அவள் அழைப்பை எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்றால் வெளியே கொண்டுபோகவில்லை. நாலு ஸ்பேர் டிஸ்கையும் சேர்த்துத் தனியாக ஒரு குழு உண்டாக்கி, அதற்குள் மாற்றினேன். ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்கிறீர்கள். பதிவுகளை வெளியே எடுத்துச் செல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஐயா. பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு விதியை மீறியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய்க் கேட்பேன். எனக்கு மனப்பாடம்.

"எங்க வீட்டுக்கு நீலக் கேட்டும்மா. நாய் எல்லாம் இல்ல, பயப்படாம வரச் சொல்லுங்க. இடது கை மரத்துப் போகுது. அவர் தூங்குறாரு, எழுப்ப வேணாம்னு பாக்குறேன். லீவு நாள்ல கொஞ்சம் கண்ணசர்றாரு. விக்கலுக்குக் கூப்பிடுற கேஸ் இல்லம்மா இது, நெஜமாவே வலிக்குது."

விக்கல் என்பது நான் வீட்டில் சொல்லும் கதை. விக்கல் நிற்கவில்லை என்று ஒருத்தன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். வாசலில் வண்டி அலறிய அலறலில் அவனுக்கு விக்கல் நின்றுவிட்டது, டிரைவருக்குப் பிடித்துக்கொண்டது. இருபது தடவை சொல்லியிருப்பேன். இருபது தடவையும் சிரித்தாள்.

மாத அறிக்கையில், 'ஸ்பேர் நான்கு, நான்கும் நலம்' என்று எழுதிவந்தேன். பொய் இல்லை. நலமாகத்தான் இருந்தன.

ஒரு திங்கள்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய பூலில் ஒரு டிஸ்க் போனது. கண்ணாடிக் கதவு வழியாக சூப்பர்வைசர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"சார், மஞ்ச விளக்கு எரியுதே?"

"சளி பிடிச்சிருக்கும்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ஸ்பேர்தான் இருக்கே. உங்ககிட்ட இல்லாத ஸ்பேரா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். புது டிஸ்குக்குச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வரும் என்றார்கள். ஸ்பேர் ஒன்றைக் கொடுத்திருந்தால் ஐந்து மணி நேரத்தில் பூல் பழையபடி திடமாகியிருக்கும். அது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம், அதைத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலில் ஒன்றைக் கொடுத்தாலே போதுமே, குரலும் மீதி மூன்றில் பத்திரமாக இருந்திருக்குமே என்கிறீர்கள். இருந்திருக்கும். ஆனால் அவளுக்குத் துணை மூன்று பேர் என்று ஆகியிருக்கும். நான் டிஸ்குகளை நம்புகிறவன் இல்லை.

இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது எனக்கு. திங்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சட்டைகளை இஸ்திரி போட்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை கேட்டேன். மூன்று மணிக்கு அதே குழுவில் இரண்டாவது டிஸ்க் போனது. பீரோ விழுந்தது.

ஒரு மணி ஐம்பது நிமிடம். திரைகள் எல்லாம் வெறுமையாகிவிட்டன. போன் மட்டும் அடித்தபடி இருந்தது. போன் எடுக்கும் பெண்கள் பென்சிலும் தாளுமாக எழுதினார்கள். சூப்பர்வைசர் அம்மா ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, "நீ எங்கப்பா இருக்கே, நீ எங்கப்பா இருக்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரலும் எனக்கு மனப்பாடம்தான்.

அந்த நேரத்தில் மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒரு தையல்காரர், ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ், ஒரு வெல்டரின் மகள். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது, மூச்சு இரைப்பு. வீட்டில் தனியாக இருந்து, தானே போன் செய்து, வீட்டு எண், தெரு எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறாள். எந்த வண்டி பக்கத்தில் என்று யாருக்கும் தெரியாததால் மறுகோடியிலிருந்து ஒன்று போனது. இரண்டு தெரு தள்ளி ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் வெல்டர் வந்தார். கையில் புகார் ஒன்றும் இல்லை.

"பாப்பா பேசினது பதிவாகியிருக்கும்ல, பெரியவரே? ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுறேன்."

"இல்லப்பா. அன்னைக்கு எதுவும் பதிவாகல. இருந்தாலும் வெளியாளுக்குப் போட்டுக் காட்ட விதி இல்ல."

தலையாட்டினார். வெல்டர்களின் கண் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே மழை. என் இரண்டாவது குடையைக் கொடுத்தேன். "திருப்பித் தரணுமா?" என்றார். வேண்டாம், என்னிடம் இன்னொன்று இருக்கிறது என்றேன்.

ஆகவே, செய்தது நான்தான். ஸ்பேரை எடுத்ததும் நான், அறிக்கை எழுதியதும் நான், தெரிந்தே கொடுக்காமல் இருந்ததும் நான். இயந்திரத்தின்மேல் பழி போட வேண்டாம்.

அந்த நாலு டிஸ்கும் உங்கள் மேஜைமேல் இருக்கின்றன. கேட்பீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பதிவு மொத்தம் நான்கு நிமிடம் இரண்டு விநாடி. நான் எப்போதும் மூன்று நிமிடம் பத்து விநாடியில் நிறுத்திவிடுவேன். "இந்தாங்க, முழிச்சிட்டீங்களா?" என்கிறாளே, அதோடு. அதற்குப் பிறகு அவள் குரல் இல்லை. போன் கைமாறிவிடுகிறது. ஒரு ஆள், தூக்கக் கலக்கத்தில், ஆனாலும் மரியாதையாகத்தான் பேசுகிறான். "ஒண்ணுமில்லம்மா, வெறும் வாயு. விக்கலுக்கெல்லாம் வண்டி அனுப்பிக்கிட்டிருக்காதீங்க. ரத்து பண்ணிடுங்க." எங்கள் ஆபீஸில் போன் எடுத்த பெண், நிச்சயமா சார் என்று இரண்டு தரம் கேட்கிறாள். இரண்டு தரமும் அவன் நிச்சயம் என்கிறான்.

அது வேறு விஷயம், ஐயா. நான் காப்பாற்றி வைத்தது அவள் குரலை மட்டும்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.