காடியில் விழுந்த தமிலோக்

— அதை வாயில வைக்காத, இரேனியோ. கீழ வை.

— ஒண்ணே ஒண்ணு, பெலென். விடிஞ்சதுலேர்ந்து சேத்துல நின்னு கோடாலி போட்டிருக்கேன். கட்டின புருஷனுக்கு ஒரு புழு கொடுக்க மனசில்லையா?

— தமிலோக் புழு இல்ல. கட்டையைக் குடைஞ்சு வாழற சிப்பி சாதி. எத்தனை தடவை சொல்றது?

— சிப்பின்னா இன்னும் நல்லது. தென்னங்கள்ளைப் புளிக்க வச்ச காடியில முக்கி, ரெண்டு மிளகாயை நசுக்கிப் போட்டா... எங்கப்பன் இருந்தா தலையில அடிச்சுக்குவார். தமிலோக்கைத் திங்காம, அரைச்சுக் கண்ணாடித் தட்டுல தடவுற மருமக!

— நீ தின்ன மிச்சம்தானே எனக்கு வருது. கொழுத்ததெல்லாம் உன் வயித்துல, நோஞ்சானெல்லாம் என் மேசையில.

— இன்னைக்கு அப்படி இல்ல. இதைப் பாரு. என் முழங்கை நீளம்! கண்டல் கட்டையைப் பிளந்ததும் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. உனக்குன்னே எடுத்து வச்சேன், சத்தியமா.

— ஏன் இது மேல காடி வாசனை அடிக்குது?

— அடிக்குதா?

— இரேனியோ.

— கை வழுக்கிடுச்சு. கிண்ணத்துல விழுந்துடுச்சு. உடனே எடுத்துக் கடல் தண்ணியில அலசிட்டேன். திங்கல, சத்தியமா.

— திங்கப் போன. பாதியில என் மூஞ்சி ஞாபகம் வந்துடுச்சு.

— அதுவும் உண்மைதான்.

— காடி பட்டா கிருமி செத்துடும்டா. எனக்கு இதோட செவுளுக்குள்ள குடியிருக்கிற கிருமி உயிரோட வேணும். அது வேற கிருமியைக் கிட்ட அண்ட விடாதுன்னு நம்பித்தானே இத்தனை கட்டையைப் பிளக்குறோம்? ஆஸ்பத்திரியில எந்த மருந்துக்கும் அடங்காம ஒரு கிருமி கிடக்கு...

— எதிர்வீட்டு நெஸ்டோர் காலு அதுல அழுகறதை நீயா எனக்குச் சொல்லணும்? நான்தானே தினம் கட்டு மாத்துறேன்.

— அப்ப விளையாடாத. இந்தத் தடவையும் ஒண்ணும் கிடைக்கலன்னா ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கற மணிலாக்காரங்க என் கீழ் அறையைப் பூட்டிடுவாங்க. நானும் என்ன பண்ணுவேன்? இதோட தோல் மேல ஒட்டியிருக்கிற அழுக்குக் கிருமி ஒரே ராத்திரியில தட்டு முழுக்கப் படர்ந்துடுது. உள்ள இருக்கறது சோம்பேறி. அது கண்ணு முழிக்கறதுக்குள்ள இடமே இல்ல.

— என்னை மாதிரி.

— உன்னை மாதிரியேதான்.

— அப்ப அந்தச் சோம்பேறிக்கும் ஒரு தட்டு கொடு. எனக்காக.

— வீண்... சரி, கொண்டா. இதுக்கு நம்பரெல்லாம் போட மாட்டேன். மூடியில ‘திருடன்’னு எழுதுறேன்.

— அழகா எழுது. காத்து கிளம்பறதுக்குள்ள இன்னொரு கட்டை கொண்டாந்துடறேன்.

— அந்தக் காடி பாட்டிலை வீட்டுல வச்சுட்டுப் போ.

— அது பாட்டுக்குப் படகுல தொங்குது. உன்னை என்ன பண்ணுச்சு?

— சாப்பாட்டுக்கு வந்துடு.

— வராம எங்க போகப் போறேன்?

*

— பெலென் இண்டாய், கையில என்ன பை?

— கீழ் அறையைச் சுத்தம் பண்ணப் போறேன், சலூத் மனாங். தட்டெல்லாம் நாறிப் போச்சு. நான் ஒரு வாரத்துக்கு மேல எதையும் வைக்கறதில்ல.

— மாதாவே! என் தம்பி இரேனியோ கூடத்துல சவப்பெட்டிக்குள்ள படுத்திருக்கான். நீ வீட்டைக் கூட்டப் போறியா?

— கூட்டல, மனாங். குப்பையைத்தான்...

— குப்பையும் வெளிய போகக் கூடாது. பொணம் இருக்கற வீட்டுல துடைப்பம் எடுத்தா, வீட்டுல இன்னொரு ஆளையும் சாவு சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடும். இருக்கறது நீயும் நானும்தான். யாரை அனுப்பலாம்னு பாக்கற?

— நான் அங்க போய் உக்காந்தா கை சும்மா இருக்கும். கை சும்மா இருந்தா... கோடாலியைப் பிடிச்சபடியே படகுல சாஞ்சு கிடந்தானாம். நெஞ்சு வலிக்குதுன்னு ஒருநாள் கூடச் சொல்லலையே, மனாங்.

— சொல்ல மாட்டான். சின்னதுல பல்லு வலியையே சொல்ல மாட்டான்.

— பெட்டியை எப்ப எடுக்கறது?

— ஃபெலிசிமோ குவைத்துலேர்ந்து வரணும். முதலாளி இன்னும் லீவு கொடுக்கலையாம். அண்ணன் மூஞ்சியைப் பாக்காம மூடாதீங்கன்னு போன்ல அழறான். வரட்டும். அதுவரைக்கும் பொணத்துக்குக் காவலா ராத்திரி முழிச்சுச் சீட்டாடறவங்களுக்குக் காப்பி போடு, கை சும்மா இருக்காது. பையைக் கீழ வை.

— தட்டுங்க?

— எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்.

*

— காலையில கல்லூரிக்குப் போனவ இப்பதான் வர்ற. இஞ்சி போட்ட கஞ்சி ஆறிப் போச்சு.

— மனாங், உக்காருங்க.

— என்ன ஆச்சு? அறையைப் பூட்டிட்டாங்களா?

— அடக்கம் முடிஞ்சதும் தட்டையெல்லாம் அள்ளினேன் இல்ல? எல்லாம் வழக்கம் போலப் பச்சையும் மஞ்சளுமா படர்ந்து கிடந்துச்சு. ஒண்ணு மட்டும் சுத்தமா இருந்துச்சு. நடுவுல கடுகு மாதிரி வெள்ளையா நாலு புள்ளி. அதைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் கிருமியை அது மேல பரப்பி வச்சாங்க. இன்னைக்குப் பாத்தா தட்டெல்லாம் கிருமி, அந்தப் புள்ளியைச் சுத்தி மட்டும் ஒண்ணுமே முளைக்கல. மழையில குடை பிடிச்ச மாதிரி.

— எந்தத் தட்டு அது?

— ‘திருடன்’.

— காடியில விழுந்துச்சுன்னியே, அதுவா? செத்துடும்னுதானே சொன்ன?

— மேல இருந்த அழுக்கு செத்துடுச்சு. செவுளுக்குள்ள இருந்தது தப்பிச்சுடுச்சு. அப்புறம் சோம்பேறி மெதுவா எழுந்து வந்திருக்கு. என் கணக்குப்படி எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும். நீங்க விடல.

— நான் சாவுக்குப் பயந்து சொன்னேன், இண்டாய்.

— தெரியும்.

— அப்ப மருந்து வந்துடுமா? நெஸ்டோர் காலுக்கு?

— அதுக்கு வருஷக்கணக்காகும். வராமலும் போகலாம். ஆனா அறையைப் பூட்ட மாட்டாங்க.

— அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?

— இன்னொரு தடவை செஞ்சு காட்டணுமாம், இல்லன்னா நம்ப மாட்டாங்க. என்ன காடி, எவ்வளவு புளிப்பு, அதுல என்னென்ன போட்டிருந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும், மனாங்? அவனே ஊற வைப்பான், அவனே திம்பான். நான் ஒரு நாளும் தொட்டு நாக்குல வச்சதில்ல.

— எனக்கும் சொன்னதில்ல, கள்ளப் பய. கேட்டா கண்ணடிப்பான்.

— ஃபெலிசிமோ குவைத்துக்குத் திரும்பறதுக்குள்ள படகைக் கழுவி வைக்கறேன்னானே. கழுவிட்டானா?

— வாளியோடதான் போனான். அடக்கத்துக்கு அப்புறம் ஒன்பதாம் நாள் ஜெபம் முடியற வரைக்கும் செத்தவன் சாமானைத் தொடாதடான்னு திட்டித் திருப்பி அனுப்பிட்டேன்.

— அப்ப காடி பாட்டில்?

— அவன் தொங்கவிட்ட ஆணியிலயே தொங்குது. இன்னும் பாதி இருக்கு.