கன்று போட்டதற்கு ஒரு விசாரணை

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் கோபத்தை அடக்காமல் சொன்னார்.

"மாடு கன்னு போட்டதுக்கு நான் போய் விளக்கம் சொல்லணுமாம்க்கா."

அவர் அரசாங்கக் கால்நடை டாக்டர் என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது.

"என்னடி நடந்துச்சு?"

"சிம்பாங் அம்பாட் வியாபாரி ஒருத்தர் எங்க அறுப்புக்கூடத்துக்கு மாடு கொண்டாந்தாரு. தொட்டுப் பார்த்தா நிறைமாசம், உள்ள கன்னு அசையுது. அறுக்க முடியாதுன்னுட்டேன். வெறும் கொழுப்புதான்லா டாக்டர், அறுக்கலாம்னு சாப் குத்தி விடுங்கங்கிறாரு."

"அப்புறம்?"

"என் பாஸுக்கு போன் போட்டாரு. பாஸ் என்கிட்ட, பெரிய இடத்து ஆளு, விட்டுடுங்கன்னாரு. நான் விடல. மறுநாள் காலையில கொட்டகையிலயே கன்னு போட்டுருச்சு. நான் மாட்டைப் பிடிச்சு வெச்சதால அவரு வியாபாரம் கெட்டுப்போச்சுன்னு இப்ப என் மேல புகார், இன்னிக்கு விசாரணை."

"சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடேன்."

"எதுக்குக்கா சாரி? அந்த மாட்டுக்காகப் பேச அங்க வேற யாரு இருந்தா? அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க."

ஃபெர்ரி கரையை நெருங்கி எல்லோரும் எழுந்தபோது அக்கா கேட்டார்.

"கன்னு நல்லா இருக்கா?"

"நல்லா பால் குடிக்குது. அந்த ஆளு காலையில கூப்பிட்டு, தாய்மாட்டை எப்ப அறுக்கலாம்னு கேக்கிறாரு. கன்னு பால் மறக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கும் சேர்த்து விசாரிக்கட்டும்."