பாட்டிலா, பிள்ளையா

— மாப்பிள்ளை, மன நிம்மதியோட விலை நாலாயிரத்து ஐந்நூறு. வேற ஆளா இருந்தா முழுசா வாங்கியிருப்பேன். தங்கச்சி புருஷனாப் போயிட்டீங்க, நாலாயிரம் கொடுங்க.

— நிம்மதியா? நான் பாட்டில் சுத்தம் பண்ற மெஷினைத்தானே கேட்டேன், மச்சான்.

— அதேதான். பெட்டியில என்ன போட்டிருக்கு, படிங்க. 'ஆறே நிமிஷம், தாய்க்கு நிம்மதி.' பாட்டிலை அடுக்கி, கொஞ்சம் தண்ணி ஊத்தி, சுவிட்சைத் தட்டினா ஆவியே வேலையை முடிச்சிடும்.

— தாய்க்குன்னுல்ல போட்டிருக்கு. எங்க வீட்டுல கொதிக்க வைக்கிறது நான்.

— அச்சடிச்சவனுக்கு உங்களைத் தெரியாது, விடுங்க. கணக்குப் பாருங்க. திங்கக்கிழமை லீவு முடிஞ்சு தங்கச்சி மறுபடி பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புறா. நீங்க வீட்டுல உக்காந்து கடிகாரமும் ரிப்பேர் பண்ணணும், பிள்ளையையும் பார்த்துக்கணும். இதுல அடுப்பு முன்னாடி யாரு நிக்கிறது?

— அதான் மண்டை காயுது. ஒருவேளை இனிமே தேவையே இல்லையோ? இந்தப் பெட்டி ஒரு வயசு வரைக்கும்னு சொல்லுது. பக்கத்து வீட்டு அக்கா மூணாம் மாசமே நிறுத்திட்டாங்களாம். மருந்துக் கடைக்காரரைக் கேட்டா 'உங்க இஷ்டம்'ங்கிறாரு. நீங்க சொல்லுங்க மச்சான், எப்போ நிறுத்தலாம்?

— விக்கிறவன்கிட்டயே வாங்கலாமான்னு கேக்கிறீங்க. நல்ல வியாபாரம். சரி, இப்ப கடைக்காரனா இல்ல, மச்சானா கேக்கிறேன். என்ன வயசு ஆச்சு?

— பத்தரை மாசம். ரெண்டு மாசம் முந்திப் பொறந்ததால எட்டரைன்னும் வச்சுக்கணுமாம். எந்த வயசுக்கு எந்தக் கணக்குன்னு அதுவே ஒரு குழப்பம்.

— எனக்கு இருக்கிறது ஒரே வயசு, அதையே நான் சரியாச் சொல்றதில்ல. அது தவழுதா இப்போ?

— எது?

— எதுவா? பாட்டிலா தவழும்? பிள்ளை, மாப்பிள்ளை, பிள்ளை.

— ஓ, தவழுறான். நேத்து என் செருப்பு வாரைச் சப்பிக்கிட்டு இருந்தான்.

— செருப்பையும் கொதிக்க வச்சிருப்பீங்களே.

— வச்சேன். கொஞ்சம் சுருங்கிப் போச்சு.

— நான் சும்மா கேட்டேன், மாப்பிள்ளை.

— நான் நிஜமாத்தான் சொல்றேன். இந்தா பாருங்க, குதிகால் வெளிய நிக்குது.

— கடவுளே. சரி, அதை எப்படிக் கழுவுறீங்க?

— செருப்பையா?

— இந்தத் தடவை பாட்டிலை.

— எல்லாத்தையும் தனித்தனியாக் கழட்டி, சோப்புத் தண்ணியில பிரஷ் போட்டுத் தேய்ச்சு, அலசி, பெரிய பாத்திரத்துல முழுசா முங்க வச்சு, தளதளன்னு கொதி வந்த பிறகு அஞ்சு நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பக்கத்துல வச்சுக்குவேன். அப்புறம் இடுக்கியால எடுத்துத் தட்டுல கவிழ்த்துடுவேன். துணியால துடைக்கிறதில்ல. கையே படாது.

— இவ்வளவு பக்குவமா செய்யறவருக்கு மெஷின் எதுக்கு? இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

— அண்ணே, அந்தப் பெட்டியை மூடு.

— வா தங்கச்சி. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு இந்த வெயில்ல எதுக்கு வந்த?

— வரலைன்னா நீ இவர் தலையில மெஷினைக் கட்டியிருப்ப. ஏங்க, சுகாதார நிலையத்துக்குப் போயிட்டு வரேன். எடை நல்லா ஏறியிருக்காம். பாட்டிலைப் பத்தியும் கேட்டுட்டேன்.

— என்ன சொன்னாங்க, டீச்சரம்மா?

— இந்த வயசுல, இவன் இருக்கிற திடத்துக்கு, சோப்பு போட்டு ஒழுங்காத் தேய்ச்சுக் காய வச்சாலே பெரும்பாலும் போதுமாம். முந்திப் பொறந்த பிள்ளைன்னு மனசு கேக்கலைன்னா, ஒரு வயசு முடியற வரைக்கும் நாளைக்கு ஒரு தடவை கொதிக்க வைக்கலாமாம்.

— போதும்னாங்களா, வைக்கலாம்னாங்களா? ரெண்டும் சொன்னா எப்படி? நிறுத்தணுமா, கூடாதா? எனக்கு ஒரு தேதி வேணும்.

— தேதி எதுக்கு? பள்ளிக்கூடம் திறக்கிற தேதியா அது?

— இல்ல, ஒரு நாள் தெரிஞ்சா...

— தெரிஞ்சா?

— ஒண்ணுமில்ல.

— தங்கச்சி, நீ பையில இருந்து எடுக்கிறது என்ன? கடிதம் மாதிரி இருக்கு.

— கடிதம்தான் அண்ணே. தலைமையாசிரியைக்கு. வேலைக்கு வரலைன்னு எழுதிட்டேன்.

— என்னடி இது? பதினோரு வருஷ வேலை. கணக்கு டீச்சருக்குக் கணக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன். பிள்ளையைத் தொடாத ஆள்கிட்ட எப்படிப் பிள்ளையை விட்டுட்டுப் போறது?

— யாரு, மாப்பிள்ளையா தொடாதது?

— கேளு. கடுகளவு திருகாணியைக் கை நடுங்காம எடுக்கிறவரு. இவன் தவழ்ந்து கிட்ட வந்தா நாற்காலி மேல காலைத் தூக்கி வச்சுக்கிறாரு. அழுதா கிலுகிலுப்பையைக் குச்சியில கட்டி ஆட்டுறாரு. பிடிக்காமப் போச்சோன்னு நினைச்சு எத்தனை நாள் சமையலறையில நின்னு அழுதிருக்கேன், தெரியுமா?

— பிடிக்காமலா? என்ன பேசற நீ?

— பின்ன என்னங்க? சொல்லுங்க. அண்ணன் கடைதான், யாரும் வெளியாள் இல்ல.

— ஆஸ்பத்திரியில பாட்டில் ஆரம்பிச்ச முதல் நாள். உனக்குக் காய்ச்சல், நீ கீழ வார்டுல படுத்திருந்த. என் ஒரு கையில கொதிக்க வச்ச பாட்டில். இன்னொரு கையை இவனை வச்சிருந்த கண்ணாடிப் பெட்டி ஓட்டைக்குள்ள விடப் போனேன். விரல்கூடப் படல. பின்னாடி இருந்து நர்ஸம்மா ஒரு அதட்டு போட்டாங்க. 'அதைத் தொடாதீங்க, கை படவே கூடாது. கொதிக்க வைக்கிற காலம் முடியற வரைக்கும் இப்படித்தான்'னாங்க.

— எதை?

— அதைன்னா அதைத்தான். பிள்ளையை.

— ஏங்க. அவங்க பாட்டிலைச் சொல்லியிருக்காங்க. நிப்பிள்ல விரல் படக் கூடாதுன்னு. என்கிட்டயும் அதே வார்த்தையைத்தான் சொன்னாங்க.

— நிப்பிளையா?

— உங்க கட்டை விரல் அது மேலதான் இருந்திருக்கும்.

— இருந்திருக்கும்.

— பத்து மாசமா நீங்க யாரையுமே கேக்கலையா, மாப்பிள்ளை?

— கேட்டேனே மச்சான். பார்க்கிறவங்களையெல்லாம் கேட்டேன். எப்போ கொதிக்க வைக்கிறதை நிறுத்தலாம், எப்போ நிறுத்தலாம்னு. நிறுத்தினாத்தானே தூக்கலாம்? ஒருத்தரும் ஒரு தேதி சொல்லல.

— நான் தொடுறேனே, அது கண்ணுல படலையா உங்களுக்கு?

— நீ அம்மா. உனக்கு வேற விதி இருக்கும்னு நினைச்சேன். கொஞ்ச நாளா சந்தேகம்தான். ஆனா ஒருவேளை நான் தொட்டு எதாவது ஆயிட்டா?

— தங்கச்சி, நீ ஏன் சுவரைப் பார்த்து விரலை மடக்குற?

— கணக்குப் போடுறேன் அண்ணே. பாட்டில் ஆரம்பிச்சு முந்நூறு நாள். நாளைக்கு ரெண்டு வேளை. கொதிக்க வச்சது அறுநூறு தடவை. பிள்ளையைத் தூக்கினது நாலு. ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பினப்ப ஒண்ணு, போட்டோவுக்கு ஒண்ணு, தடுப்பூசிக்கு ரெண்டு. நாலும் துண்டைச் சுத்தித்தான். வெறுங்கையால, சைபர்.

— நான்கூட மாப்பிள்ளை சுத்தக்காரருன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேனே.

— ஏங்க, கையை நீட்டுங்க.

— கழுவிட்டு வந்துடறேன்.

— நீட்டுங்க.

— கடிகார எண்ணெய் ஒட்டியிருக்கு.

— செருப்பைச் சப்பினவன். உங்க கையைப் பார்த்தா முகம் சுளிக்கப் போறான்? பிடிங்க.

— இரு, கழுத்து, கழுத்து...

— கழுத்து நின்னு எத்தனையோ மாசமாச்சு. சாதாரணமாப் பிடிங்க. ம். அப்படித்தான்.

— சூடா இருக்கானே. காய்ச்சலா?

— இல்ல. பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்.

— மூக்கைப் பிடிச்சு இழுக்கிறான் பாரேன்.

— அவனும் பத்து மாசமாக் காத்திருக்கான்.

— ஆக, மெஷின் வேண்டாம். ஒரு வியாபாரம் போச்சு. தங்கச்சி, அந்தக் கடிதத்தையாவது கொடு, பொட்டலம் மடிக்க ஆகும்.

— இந்தா அண்ணே. அப்படியே ஒரு பேனா கொடு, கணக்கைத் திருத்திக்கிறேன். பாட்டில் அறுநூறு. வெறுங்கை ஒண்ணு. பாக்கி ஐந்நூத்துத் தொண்ணூத்தொன்பது.